மருமகள் சைக்கிளில், மாமியார் பஸ்ஸில்

காலண்டர் சீசன் முடிந்து, பொங்கலும் கழிந்ததும், விருதுநகரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுப் போடிமெட்டு ஏறி மூணாறு வரை போய்வர வேண்டும் என்று சபரிநாதனும் ஹர்ஷினியும் கல்யாணம் ஆன புதிதிலேயே பேசி வைத்திருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் சிவகாசியில் இருக்கும் அவர்களுடைய அச்சகத்தில் பெரிய மிஷின் படுத்துவிட்டது. அது ஓடாமல் சபரிநாதன் நகர முடியாது. "நீ மட்டும் போயிட்டு வா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

அவன் அம்மா அருணாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கல்யாணமாகி வருசம் திரும்பல. பிள்ளைய ஒத்தையில மலைக்கு அனுப்புறியே, கேக்கறவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"அப்ப நீங்களும் கூடப் போங்கம்மா, பஸ்ல" என்று அவன் விளையாட்டாகச் சொன்னான். அருணாதேவி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே துணிப்பையில் இரண்டு சேலையும் ஸ்வெட்டரும் மடித்து வைத்துவிட்டாள்.

இப்படித்தான் மருமகள் சைக்கிளிலும் மாமியார் பஸ்ஸிலுமாகக் கிளம்பினார்கள். ஹர்ஷினி இருட்டோடு எழுந்து கல்லுப்பட்டி ரோட்டைப் பிடித்தாள். அருணாதேவி நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டு, கட்டுச்சோற்றோடு பஸ் ஏறி, அவளுக்கு முன்னால் போய் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கறுத்து, புழுதி அப்பிய முகத்தோடு வந்து நின்ற மருமகளைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இதெல்லாம் ஒரு சந்தோசமா, ஆத்தா?"

ஹர்ஷினி புளியோதரையை வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அன்று ராத்திரி தேனியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் மலை. திட்டம் எளிதானது. ஹர்ஷினி காலையிலேயே மிதிக்கத் தொடங்குவாள். அருணாதேவி மத்தியானத்துக்கு மேல் போடியிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறி, போடிமெட்டில் இறங்கி அவளைப் பார்ப்பாள். பத்திரமாக மேலே வந்துவிட்டாள் என்று கண்ணால் பார்த்த பிறகு, கீழே இறங்கும் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவாள். மறுநாள் சபரிநாதன் மூணாறுக்கு வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தான்.

பஸ் அடிவாரத்தைத் தாண்டியதும் அருணாதேவி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். பிறகு விடவே இல்லை. ஊரிலிருந்து மேற்கே நீலக் கோடாகத் தெரிகிற மலை இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் பாறையாக நின்றது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் அப்படியே ஆகாயத்துக்குள் போய்விடுவதுபோல நீண்டு, கடைசி நொடியில் திரும்பியது. பாதி மலையில், ரோட்டோரமாக ஊர்ந்துகொண்டிருந்த ஹர்ஷினியைப் பஸ் கடந்தது. அவள் தலை நிமிரவில்லை. முதுகு மட்டும் மேலும் கீழுமாக அசைந்தது.

அதற்கப்புறம் சில வளைவுகள் ஏறியதும் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி வளைவில் திரும்பும்போது அச்சு முறிந்து, ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"கீழேயிருந்து ஆள் வந்து நகட்டணும். ரெண்டு மணி நேரமாவது ஆகும்" என்றார் கண்டக்டர்.

அருணாதேவி இறங்கித் தடுப்புச் சுவர் ஓரமாக வந்து நின்றாள். கீழே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஏறி வந்த ரோடு மடிப்பு மடிப்பாக அடியில் கிடந்தது. அதற்கும் கீழே தென்னந்தோப்பும் ஊரும் கண்மாயும் ஒன்றோடொன்று கலந்து பச்சையாகவும் பழுப்பாகவும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருந்தன. அந்த ரோட்டில் சிவப்பாக ஒரு பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஹர்ஷினியின் சட்டை. ஒரு மடிப்பைக் கடக்க அவளுக்கு எவ்வளவோ நேரம் ஆயிற்று. நிற்கவில்லை. வீட்டில் மாடிப்படி ஏறினால் சத்தமே கேட்காத பிள்ளை, இந்த மலையையே தன் காலால் கீழே தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தாள். 

ஹர்ஷினி மூச்சு வாங்க வந்து சைக்கிளைச் சாய்த்தாள். "என்ன அத்தை, எறங்கிட்டீக?"

"லாரி அடைச்சிருக்கு. மேலுக்கு இன்னும் எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

"நாலஞ்சு வளைவுதான். சைக்கிள் போக வழி இருக்கு. நான் போய் மேல நிக்கவா?"

"நானும் நடந்து வாரேன்."

"உங்க முட்டிக்கு ஆகுமா அத்தை?"

"என் முட்டிய நான் பாத்துக்கிறேன். நீ பைய வாங்கிக் கட்டு."

பையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஹர்ஷினி உருட்ட, அருணாதேவி பக்கத்தில் நடந்தாள். ஒரு வளைவு திரும்பியிருப்பார்கள். கீழே பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பி ரோட்டின்மேல் வழிந்தது. அருணாதேவி மருமகளின் கையை இறுகப் பிடித்தாள். சிவகாசிப் பக்கம் வெள்ளைப் புகை திரண்டு எழும்பினால் எந்தப் பட்டாசு ஆலை, எந்த வெடி ஆபீஸ் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"எங்கனயோ பத்திருச்சு."

"இல்ல அத்தை. மோந்து பாருங்க."

வெடிமருந்து வாடை இல்லை. ஈர மண்ணும் இலையும்தான் மணத்தன. கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. "மேகம்" என்றாள் ஹர்ஷினி. அடுத்த நிமிஷம் ரோடு இல்லை, மலை இல்லை, சைக்கிளின் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. அருணாதேவி சைக்கிளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். இமையில் நீர் கோத்தது. இவ்வளவு காலமும் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது இதுதானா என்று நினைத்தாள். இதன் வயிற்றுக்குள் நடக்கிறோமே என்று நினைத்தபோது கால் வலி மறந்துபோயிற்று.

மிச்ச வளைவுகளையும் ஏறியபோது வெள்ளை மஞ்சளாக மாறியது. பிறகு பளீரென்று வெயில். அவர்கள் மேகத்துக்கு மேலே, போடிமெட்டுக் கணவாய்க்கே வந்திருந்தார்கள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்து நின்றபோது மேற்கேயிருந்து சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. எதிரே சற்றுமுன் பார்த்த ஊரும் கண்மாயும் இருந்த இடமெல்லாம் பஞ்சாக நிரம்பிக் கிடந்தது. அந்த வெள்ளையில் இரண்டு நிழல்கள் நீளமாக விழுந்திருந்தன.

"ஆத்தி!" என்றாள் அருணாதேவி.

அவள் நிழலின் தலையைச் சுற்றி வட்டமாக வானவில். சாமி படத்தில் போடுவதுபோல இல்லை. அதைவிட மென்மையாக, உள்ளே மஞ்சளும் வெளியே சிவப்புமாக. அவள் தலையை அசைத்தாள். வட்டமும் கூடவே அசைந்தது.

"பாத்தியாத்தா? என் தலையச் சுத்தி..."

"உங்க தலைல இல்லையே அத்தை. என் தலைலல்ல இருக்கு!"

"கண்ணத் தொறந்து பாருத்தா. உன் நிழல்ல ஒண்ணுமே இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹர்ஷினி போனை எடுத்துப் படம் பிடித்தாள். படத்தில் வட்டம் ஹர்ஷினியின் தலையைச் சுற்றி இருந்தது. அருணாதேவிக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வாங்கித் தானே பிடித்தாள். அந்தப் படத்தில் வட்டம் அவள் தலைக்கு வந்திருந்தது.

"அவங்கவங்களுக்கு அவங்கவங்களது மட்டும்தான் தெரியுது போல" என்று ஹர்ஷினி மெல்லச் சொன்னாள்.

 அருணாதேவியின் கை அவளையறியாமல் கும்பிட்டிருந்தது. நிழலும் கும்பிட்டது. பிறகு பக்கத்தில் இருந்த வெறும் நிழலைப் பார்த்தாள். தனக்குத் தெரியாவிட்டாலும் அங்கேயும் ஒரு வட்டம் இருக்கிறது என்ற நினைப்பு அவளை என்னவோ செய்தது. மருமகளின் தோளில் கை போட்டுக்கொண்டாள். அப்படி அவள் அதுவரை செய்ததில்லை.

லாரியை ஒருவழியாக ஓரம் கட்டியிருக்க வேண்டும். பஸ் உறுமிக்கொண்டு வந்து, அவர்களைப் பார்த்து நின்றது. அருணாதேவி கையைக் காட்டிக் கூப்பிட, டிரைவர், கண்டக்டர், பிள்ளை தூக்கிய பெண்கள், ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் இறங்கிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். "எனக்குத் தெரியுது!" "எனக்குல்ல தெரியுது!" என்று ஒரே சத்தம். கண்டக்டர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். மேகம் கலைந்து வட்டம் மங்கும் வரை யாரும் நகரவில்லை.

"போடிமெட்டு வந்தாச்சும்மா, உங்க இடம் இதுதான்" என்றார் கண்டக்டர் பஸ்ஸில் ஏறியபடி.

அருணாதேவி படியில் கால் வைத்தாள். "மூணாறுக்கு ஒண்ணு குடுங்க" என்றாள்.

"அத்தை, ஊருக்குப் போகலையா?" என்றாள் ஹர்ஷினி, ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே.

"போலாம், போலாம். நீ பாத்து வா. இருட்டுறதுக்குள்ள உன்னால எந்த ஊரு வர முடியுமோ, போன் போடு, அங்கன எறங்கி நிக்கேன்."

பஸ் மறுபக்கத்துச் சரிவில் இறங்கத் தொடங்கியது. அருணாதேவி இந்த முறை கம்பியைப் பிடிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள்.