ஆசீர்வாதத்துக்கு எழாத சபை

கிளென்டார்வி பள்ளத்தாக்கின் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்களோடு நாய்களும் வரும். ஆட்டுக்காரன் மலையிலிருந்து இறங்கினால் நாயும் இறங்கும். அவன் உள்ளே போனால் அதுவும் போய், அவனுடைய பெஞ்சுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சிக்கல் ஆராதனையின் கடைசியில்தான்.

அந்த நாய்களுக்கு ஆராதனையின் ஒழுங்கு அத்துப்படி. முதல் ஜெபத்துக்கு ஜனங்கள் எழுந்து நின்றால் அவை ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொள்ளும். கடைசிச் சங்கீதம் தொடங்கியதும் காதுகள் நிமிரும். அது முடிந்து ஆசீர்வாதத்துக்கு ஜனங்கள் எழுந்தார்களோ போச்சு. வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று எல்லா நாய்களும் ஒரே நேரத்தில் கதவுக்குப் பாயும். கதவோ ஒன்றுதான். கடியும் குரைப்புமாக, தேவனுடைய சமாதானம் என்று போதகர் சொல்வது அவருக்கே கேட்காது.

இதற்கு முன்னோர் யாரோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆசீர்வாதத்துக்கு எழுந்திருக்கக் கூடாது. கடைசிச் சங்கீதம் முடிந்தபின் கல்லில் செதுக்கியது போல உட்கார்ந்திருக்க வேண்டும். தொப்பியை எடுக்கக் கூடாது, காலை நகர்த்தக் கூடாது. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று நாய்களும் படுத்தே இருக்கும். ‘ஆமென்’ விழுந்த மறுகணம் எல்லோரும் எழுந்து அவரவர் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

இருபது வருஷத்துக்கு முன் கல்லூரியிலிருந்து போதகராகப் புதிதாக வந்த நினியன் லெக்கி ஐயர், முதல் ஞாயிறன்று ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கிவிட்டு ஜனங்கள் எழட்டும் என்று காத்து நின்றார். யாரும் எழவில்லை. கை வலிக்க ஆரம்பித்தது. பிறகு கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்குட்டி கிப் விஷயத்தைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. ஒரு பொருள் ஏன் அப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

அவருடைய பிரசங்கங்களும் அப்படித்தான். நோவாவின் பேழையைப் பற்றிப் பேசினால் பாவம், நியாயத்தீர்ப்பு எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் கீல் எப்படிப் பூசப்பட்டிருக்கும் என்பதுதான் நீளும். எசேக்கியா ராஜா எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயை மூன்று வாரம் விளக்கினார். எவ்வளவு சாய்வு வேண்டும், சாய்வு கூடினால் மண் எப்படி அரிக்கும் என்றெல்லாம் சொன்னார். நான்காவது வாரம் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் தங்கள் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தும் லெக்கி ஐயருக்கு ஒரே ஆசை: நகரத்துச் சபை ஒன்று தன்னை அழைக்க வேண்டும். அவருடைய திருச்சபையில் போதகரை மேலிருந்து யாரும் மாற்றி அனுப்புவதில்லை. போதகர் இல்லாத சபை தானாகவே ஆள் தேடும். மூன்று நாலு பேரைத் தேர்ந்து, ஊர் ஊராக அனுப்பி, சொல்லாமல் கொள்ளாமல் பிரசங்கம் கேட்டு வரச் சொல்லும். அவர்களுக்குப் பிடித்தால் அழைப்பு. இல்லாவிட்டால், அவர்கள் வந்து போனதாகவே யாரும் பேசக் கூடாது.

ரகசியம் என்று பேர்தான். கோயிலில் ஒவ்வொரு பெஞ்சும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்நியன் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு அவனை முறைக்கும்.

அப்படி வருகிறவர்களுக்கென்றே லெக்கி ஐயர் ஒரு பிரசங்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட, உலர்ந்த எலும்புகள் உயிர் பெற்றெழும் பள்ளத்தாக்கு. அதில் இடி உண்டு, காற்று உண்டு, இரண்டு இடத்தில் கண்ணீர் உண்டு. ஊரில் அதற்கு விருந்தாளிப் பிரசங்கம் என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டவர் ரென்னிக் பண்ணையில் காளை வாங்க வந்தவர். அடுத்த தடவை கேட்டவர் ஆற்றில் மீன் பிடிக்க வந்தவர். இருபது வருஷத்தில் எலும்புகள் பலமுறை உயிர் பெற்றெழுந்தன. அழைப்பு மட்டும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை கிப் போதகர் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினான்.

“ஐயா, சத்திரத்துல மூணு பேர் வந்து எறங்கியிருக்காங்க. டண்டீ பட்டணத்து ஆளுங்க.”

“காளை வாங்கவா?”

“காளை வாங்க வர்றவன் பூட்ஸுக்கு பாலிஷ் போடுவானா? வந்ததும் வராததுமா கோயில் எத்தன மணிக்குன்னு கேட்டாங்க. கேட்டுட்டு, சும்மாத்தான் கேட்டோம்னாங்க.”

பார்லி கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி எல்ஸ்பெத் அம்மாள் திரும்பாமலே சொன்னாள்: “எலும்பத் தூசி தட்டி எடுங்க.”

“கேலி பண்ணாத. இந்தத் தடவ நெசமாவே அவங்கதான்.”

“நான் எங்கங்க கேலி பண்றேன்? எனக்கும்தான் டண்டீல ஒரு கொழாயத் திருப்பித் தண்ணி புடிக்கணும்னு ஆசை. ஒண்ணு மட்டும் சொல்றேன். இடி எறங்குற எடத்துல பைபிள்ல குத்தாதீங்க. போன தடவ மேய்ப்பனுங்க எல்லாம் முழிச்சுக்கிட்டானுங்க.”

மறுநாள் லெக்கி ஐயர் பீடத்தில் ஏறியதும் கிப் பின்னால் கதவைச் சாத்தினான். டண்டீக்காரர்கள் மூவரும் மூன்று பெஞ்சுகளில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மூவருடைய பூட்ஸும் ஒரே மாதிரி பளபளத்தன.

அவர் எலும்புகளைத் தொடங்கினார். சாதாரணமாக இந்த இடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பெப்பர்மின்ட் மிட்டாய் கைமாறும். பிரசங்கத்தின் முதல் பகுதி முடிவதற்குள் சபை முழுக்கக் கடக்முடக் என்று மெல்லும் சத்தம் கேட்கும். அன்று ஒரு பல்லும் அசையவில்லை. மதகுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் கிழவர் குறட்டை விடுவது வழக்கம். அன்று அவர் கண்ணை உருட்டி உருட்டி விழித்திருந்தார். சபை மூப்பர் டாண்ட் ரென்னிக், எதற்கும் முகம் மாறாத மனிதர், எலும்பில் நரம்பு படரும் இடத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

லெக்கி ஐயருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் கழித்து அந்தப் பிரசங்கம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது! எந்த வார்த்தை எந்த மனதைத் திருப்புகிறது என்று பீடத்திலிருந்தே அவரால் பார்க்க முடிந்தது. இடி இறங்கும் இடத்தில் பைபிளைக் குத்தவே தேவைப்படவில்லை.

கடைசிச் சங்கீதம் முடிந்தது. அவர் கையைத் தூக்கினார். எப்போதும் போல ஒருவரும் அசையவில்லை. நடுப் பெஞ்சு டண்டீக்காரர் மட்டும் எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து கோயிலின் பக்க அறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அதே மனிதர் உள்ளே வந்தார். பருத்த உடம்பு. கண் சிவந்திருந்தது.

“பிட்கீத்லி என் பேர். டண்டீல சணல் வியாபாரம். எதுக்கு வந்தோம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

“எனக்கெப்படி ஐயா தெரியும்?” என்றார் லெக்கி ஐயர். மடித்த அங்கியைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

“எங்க சபைக்குப் போதகர் தேடி வந்தோம். பிரசங்கத்துல சபையே சொக்கிக் கெடந்ததப் பாத்ததுமே, இவர்தான்னு மூணு பேரும் கண்ணாலயே பேசிக்கிட்டோம். ஆனா கடைசில ஒண்ணு பாத்தேன் பாருங்க.” அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். “எத்தனையோ கோயில் போயிட்டேன். ஆசீர்வாதம்னு சொன்னாலே தொப்பியத் தேடுவாங்க. இங்க ஒருத்தர் எந்திரிக்கல. எந்திரிக்கணுங்குறதே மறந்துபோச்சு அவங்களுக்கு! அடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்காங்க. நான் ஒருத்தன் நின்னு, கூசிப்போய் உக்காந்துட்டேன். ஏன், அந்த நாய்ங்ககூட எந்திரிக்கலயே!”

“அது வந்து...” என்றார் லெக்கி ஐயர்.

“இவ்வளவு பாசம் வச்சிருக்குற ஜனங்ககிட்டேருந்து உங்கள பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா ஆண்டவர் எங்கள சும்மா விடுவாரா? அந்த மூப்பர் அழுதத நான் பாத்தேன். வேணாம் ஐயா. பக்கத்துப் பள்ளத்தாக்குல மெக்வாட்டி ஐயர போன வாரம் கேட்டோம். பிரசங்கம் பரவால்ல. சபையில பாதிப் பேர் தூங்குனாங்க. அவரத் தூக்கிட்டுப் போனா யார் மனசும் நோகாது.”

லெக்கி ஐயர் வாயைத் திறந்தார். நாய் விஷயத்தை அவரைவிடத் தெளிவாக விளக்கக்கூடியவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. காது நிமிர்வதிலிருந்து தொடங்கி ஆமென் வரை சொன்னால், இந்த மனிதர் உடனே புரிந்துகொள்வார். புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று அவர் மனது, பழக்கதோஷத்தில், அந்தப் பொறியையும் பிரித்துப் பார்த்தது. ஜனங்கள் பாசத்தால் உட்காரவில்லை என்று தெரிந்தால் அவரை அழைத்துப் போகத் தடை இல்லை. ஜனங்கள் பிரசங்கத்தால் உட்காரவில்லை என்று தெரிந்தால் அவர்கள் சொக்கியதும் சந்தேகமாகிவிடும்; அவரை அழைத்துப் போகக் காரணமும் இல்லை. ஒரே ஆணி இரண்டு கதவையும் பிடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கினால் இரண்டும் சேர்ந்தே விழும்.

“ஏதோ சொல்ல வந்தீங்களே ஐயா?” என்றார் பிட்கீத்லி.

“எறக்கத்துல பாதை வழுக்கும்,” என்றார் லெக்கி ஐயர். “பாத்துப் போங்க.”

தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொருளின் இயக்கத்தை அவர் விளக்காமல் விட்டது அன்றுதான்.

வெளியே கல்சுவர் ஓரம் டாண்ட் ரென்னிக் நாயோடு நின்றுகொண்டிருந்தார். கிப் கொஞ்சம் தள்ளி, கேட்காதது போலக் கேட்க வசதியான தூரத்தில் நின்றான்.

“என்ன ஐயா, எப்போ கெளம்புறீங்க?” என்றார் டாண்ட்.

“நான் போகல.”

“போகலயா? நாங்க இவ்ளோ பாடுபட்டும் போகலயா? மிட்டாய் ஒருத்தன் வாயில போடல. கெழவன் தூங்காம இருக்க அவன் மருமக தொடையில ஊசியால குத்திக்கிட்டே இருந்தா. நான் கைக்குட்டையில வெங்காயம் வச்சிருந்தேன். இன்னும் எரியுது.”

லெக்கி ஐயர் அவருடைய கைக்குட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். “எல்லாம் பேசி வச்சுப் பண்ணதா?”

“பின்ன? இருவது வருஷமா மனுஷன் ஏங்குறாரே, ஒரு கை குடுப்போம்னு பாத்தோம். அந்தத் தடியன் என்னதான் சொன்னான்?”

“உங்களுக்கெல்லாம் என் மேல அவ்ளோ பாசமாம். பிரிக்க மனசு வரலயாம்.”

“எங்களுக்கா?” டாண்ட் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏதோ திருட்டுக் குற்றம் சுமத்தியது போல அவர் காது மடல் சிவந்தது. “எவன் சொன்னான் அப்படி? கிப், நீ ஏதாவது ஒளறி வச்சியா?”

“நான் வாயே தொறக்கலண்ணே!”

“பாத்தீங்களா ஐயா. அந்த மாதிரிப் பேச்சே இந்த ஊர்ல கெடையாது. நீங்க நாளைக்கே போனாலும் நாங்க ஒரு வார்த்த சொல்லமாட்டோம்.”

“தெரியும் டாண்ட்.”

கொஞ்ச நேரம் இருவரும் நாயைப் பார்த்தார்கள். நாய் அவர்களைப் பார்த்தது.

“போகலன்னா ஒண்ணு கேக்கணும்,” என்றார் டாண்ட், எதிர்மலையைப் பார்த்தபடி. “அந்த எசேக்கியா கால்வாய இன்னொரு தடவ சொல்லுங்களேன். என் கீழ் வயல்ல தண்ணி மறுபடியும் ஏறுது. நீங்க போற அவசரத்துல இருக்கீங்களேன்னு கேக்காம இருந்தேன்.”

“வடிகாலோட வெளிவாய் அடச்சிருக்கும்,” என்றார் லெக்கி ஐயர் உடனே. “வண்டல் வந்து நிக்கிற எடம் ஒண்ணு உண்டு. இங்க பாருங்க...” குனிந்து, கைத்தடியால் ஈர மண்ணில் கோடு கிழிக்கத் தொடங்கினார். கிப்பும் கிட்டே வந்து குனிந்தான். சாப்பாடு ஆறுகிறது என்று எல்ஸ்பெத் அம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டும் மூவருக்கும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு எசேக்கியா. பெப்பர்மின்ட்டுகள் கடக்முடக் என்றன. கிழவர் குறட்டை விட்டார். கடைசிச் சங்கீதம் முடிந்ததும் லெக்கி ஐயர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன, அடித்து வைத்தது போல.

அது நாய்களுக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஆமென் சொல்ல அன்று கொஞ்சம் தாமதித்தார். டாண்டின் நாய் ஒரு காதை நிமிர்த்தியது. இரண்டாவது காதும் நிமிரும் முன் சொல்லிவிட்டார்.