இரண்டாவது முக்கியஸ்தர்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மின்வெட்டில் பிறந்தது. ரேஷன் கார்டு தொலைந்துபோனதற்குப் பிரமாணப் பத்திரம் வாங்க அம்பத்தூரில் ஒரு நோட்டரி ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது, ஜெராக்ஸ் மெஷின் நின்றது, நோட்டரி டீ குடிக்கப் போய்விட்டார். மேசைமேல் நோட்டரி விதிகள் புத்தகம் கிடந்தது. வேறு வழியில்லாமல் படித்தேன்.

பத்து வருஷமாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டுமாம். விண்ணப்பத்தில் ஐந்து பேர் மேலொப்பம் இட வேண்டுமாம்: ஒரு மாஜிஸ்திரேட், ஒரு தேசிய வங்கி மேனேஜர், ஒரு வியாபாரி, அந்த வட்டாரத்து முக்கியஸ்தர்கள் இருவர். முதல் மூன்று பேரை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். முக்கியஸ்தர் என்றால் யார்? புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டியும் விளக்கம் கிடைக்கவில்லை. கரண்ட் வருவதற்குள் எனக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்துவிட்டாள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'ஆவடி ரயில் நிலையத்தில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. வனஜா தன் கறுப்புக் கோட்டை…'

[அடித்துவிட்டேன். மழையில் தொடங்கினால் அழுதுதான் முடிக்க வேண்டியிருக்கும்.]

இரண்டாவது முயற்சி: 1991. வனஜாவுக்கு நோட்டரியின் அந்த வட்ட முத்திரை வேண்டும்.

இது பரவாயில்லை. பூந்தமல்லி கோர்ட்டில் பதினோரு வருஷமாக அவள் சீனியரின் மேசை ஓரத்தில், சீனியரின் ஃபேன் காற்றில் மிச்சம் மீதியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்சிக்காரர்கள் வந்தால் "ஐயா இல்லியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆவடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, தன் பேர் போட்ட முத்திரை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒரு பிரமாணப் பத்திரத்துக்காக அரை நாள் பஸ்ஸில் அலைய வேண்டாம். ஆசை அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பகலாக அதே நினைப்பு.

நான்கு கையெழுத்து வாங்கியாயிற்று. மாஜிஸ்திரேட்டிடம் வாங்கவே இரண்டு மாதம் ஆனது. கையெழுத்துப் போட்ட மறு வாரமே அவரைத் தெற்கே மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவரோ, "ஒரு வருஷம் போகட்டும்மா, உங்களைத் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். ஆகவே கையில் இருக்கும் இந்த ஒரு தாள் போனால் எல்லாம் போச்சு. மீதி ஒரே ஒரு கோடு காலி: இரண்டாவது முக்கியஸ்தர்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் முக்கியஸ்தர் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். வேப்பம்பட்டில் நிலம், ஆவடியில் வீடு. அவர் ஒரே நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டதால் கதைக்குப் பயன்படவில்லை. மன்னிக்க வேண்டும்.)

3.

இரண்டாவது முக்கியஸ்தராகப் பரந்தாமனை வைத்திருந்தேன். பாதுகாப்புத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன், அதாவது மேற்பார்வையாளர். குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்துக்கு ஆறு வருஷமாகச் செயலாளர். தண்ணீர் லாரி வராவிட்டால் மனு, தெருவிளக்கு எரியாவிட்டால் மனு. ஒவ்வொன்றின் கீழும் 'ரா. பரந்தாமன்', அடியில் இரண்டு கோடு. முனிசிபாலிட்டியில் அந்த இரண்டு கோட்டைப் பார்த்தாலே லாரியை அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வனஜா மொபெட்டில் போய் இறங்கினாள். கதவைத் திறந்தது அவருடைய மனைவி பார்வதம்.

"சாரா? அவர் ஜபல்பூருக்கு டூட்டி போயிருக்காருங்களே. தை பொறந்துதான் வருவாரு. குடுங்க, என்ன தாள் அது? உக்காருங்க, காப்பி போடறேன்."

வனஜா விஷயத்தைச் சொன்னாள். குரலில் இருந்த ஏமாற்றம் அவளுக்கே கேட்டது. பார்வதம் தாளோடு உள்ளே போனாள். டம்ளர் சத்தம் கேட்டது. காப்பியும் தாளும் சேர்ந்தே வந்தன. காலிக் கோட்டில் 'ரா. பரந்தாமன்'. அடியில் இரண்டு கோடு. மை இன்னும் காயவில்லை.

"என்னம்மா இது!"

"எல்லா ஊட்லயும் இப்படித்தானுங்களே! ஷிப்டுக்குப் போற மனுசன் எதுக்குன்னு வந்து நிப்பாரு? பசங்க ரேங்க் கார்டு, பால் அட்டை, சங்கத்து மனு, எல்லாம் நாந்தான். பதினெட்டு வருசமாச்சு. அவரே போட்டாத்தான் கோணலா வரும்." பார்வதத்தின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "சக்கர போதுமா?"

வனஜா தாளை மடியில் வைத்துக்கொண்டாள். காப்பியைக் குடித்தாள். சர்க்கரை அதிகம்தான்.

4.

கஜபதி வக்கீல் குமாஸ்தா, நூம்பல்காரர். மறுநாள் கோர்ட்டில் தாளைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அஞ்சும் ஆயிப்போச்சா! குடும்மா, இன்னிக்கே ரிஜிஸ்தர் தபால்ல போட்டுடறேன்."

வனஜா நடந்ததைச் சொன்னாள்.

"அதனால இன்னா இப்போ? அந்தம்மா போட்றதுதான் அவரு கையெழுத்து. ஊருக்கே தெரியும். நீ ஏம்மா கொயப்பிக்கினு கீற?"

"கஜபதி, நோட்டரிக்கு வேலையே ஒண்ணுதான். கையெழுத்துப் போடறவங்க யாருன்னு கண்ணால பாத்துட்டு முத்திரை வைக்கணும். அந்த வேலையைக் கேக்கற தாள்லயே இப்படியா?"

"சரி, கிய்ச்சிப் போடு. புது தாள் எடு. மாஜிஸ்திரேட்டு கையெழுத்துக்கு எங்க போவ? திருநெல்வேலிக்கா?"

வனஜா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், அடுத்து என்ன செய்வாள் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

5.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) அனுப்பிவிடுகிறாள். முத்திரை வருகிறது, பெயர்ப் பலகை மாட்டுகிறாள். ஒருநாள் ஒருத்தி வந்து, "வீட்டுக்காரர் துபாய்ல கீறாரும்மா, அவரு கையெழுத்த நானே போட்டுட்டேன், நீங்க முத்திரை மட்டும் வச்சா போதும்" என்கிறாள். வனஜா எந்த முகத்தோடு முடியாது என்று சொல்வாள்? அவள் வாயைத் திற…

[இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

ஆ) கிழித்துப் போடுகிறாள். இன்னும் ஒரு வருஷம் சீனியரின் ஃபேன் காற்று. நேர்மையான முடிவுதான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்தவளை மேலும் காக்க வைக்க நான் யார்?

இ) ஜபல்பூரிலிருந்து பரந்தாமன் திடீரென்று வந்து நிற்கிறார். [அடித்துவிட்டேன். எனக்காக ரயில்வே தனி வண்டி விடாது.]

இந்த மூன்றாவதை அடிக்கும்போதுதான் உறைத்தது. ஆறு வருஷச் செயலாளர் என்று எழுதினேனே, அந்த மனுஷர் இந்தக் கதையில் ஒரு வாசல்படியைக்கூட மிதிக்கவில்லை. மனுவை எழுதியது யார்? லாரியை வரவழைத்தது யார்? முக்கியஸ்தர் யார் என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். கதவைத் திறந்தவளிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடின கதைதான்.

எனக்கு முன்பே வனஜாவுக்கு உறைத்திருக்க வேண்டும். மொபெட்டைக் கிளப்பிவிட்டாள்.

6.

பார்வதம் குழாயடியில் இருந்தாள். குடங்களின் வரிசையைச் சரிசெய்து, சண்டைபோட்ட இரண்டு பேரை ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வனஜாவை வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

வனஜா அவள் கண்முன்னேயே பரந்தாமனின் கையெழுத்தைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் தன் இனிஷியலைப் போட்டாள். பார்வதத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"தப்பாப் போச்சா வக்கீலம்மா? நல்லாத்தானே போட்டேன்?"

"ரொம்ப நல்லாப் போட்டீங்க. இப்ப உங்க பேரைப் போடுங்க."

"எம் பேரா? இதுல முக்கியஸ்தர்னு இல்ல எழுதியிருக்கு?"

"ஆமா. ஆம்பளைன்னு எழுதலை. இந்த வட்டாரத்துல இருக்கறவங்கன்னு எழுதியிருக்கு. உங்களைத் தெரியாதவங்க குவார்ட்டர்ஸ்ல யார் இருக்காங்க?"

பார்வதம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. "எம் பேர நான் எங்கயும் போட்டதில்லீங்களே" என்றாள் மெதுவாக. "எப்பிடி இருக்கும்னே தெரியாது."

காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு எழுதிப் பார்த்தாள். ஏழு தடவை எழுதினாள். ஏழும் ஏழு மாதிரி வந்தது. எட்டாவதை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விண்ணப்பத்திலேயே போட்டாள். 'பார்வதம்'. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. 'த' கொஞ்சம் நடுங்கியிருந்தது. அடியில் கோடு எதுவும் போடவில்லை. எழுதி முடித்ததும் தாளைத் தள்ளிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த இடத்தில் கண் கலங்கியது, மறைப்பானேன்.

7.

சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தத் தாளைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, அடித்த கையெழுத்துதான் அசல் மாதிரி ஜம்மென்று இருக்கிறது. அதன் கீழே இருப்பதுதான் போலி மாதிரி நடுங்குகிறது. கஜபதி தலையில் அடித்துக்கொண்டுதான் தபாலில் சேர்த்தார். "இத்தப் பாத்தா எவனாவது முத்திரை குடுப்பானா?" என்று கேட்டார். வனஜா, "நடந்ததை அப்படியே எழுதி ஒரு கடிதமும் வச்சிருக்கேன்" என்றாள். அன்று அவள் சீனியரின் ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கொடுத்தார்களா, திருப்பி அனுப்பினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். விதிப்படி அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. விண்ணப்பம் போனதும் அதிகாரி ஓர் அறிவிப்பு வெளியிடுவார்: இன்னார் நோட்டரியாவதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் பதினான்கு நாளுக்குள் எழுதித் தெரிவிக்கலாம். அந்த அறிவிப்பை இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆட்சேபணை இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கீழே போடும் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.