சும்மா நிற்கும் எந்திரம்

தைவானில் யீலானுக்கு நாங்கள் குடிவந்த ஐந்தாம் வருஷம் அது. ஏழு வீட்டார் சேர்ந்து நெல் போட்டோம். களைக்கொல்லி அடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால், ஏப்ரல் பிறந்தாலே எல்லோருக்கும் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். ஒன்பது நாள் சேற்றில் குனிந்தபடியே நகர வேண்டும். மூன்றாம் நாள் என் கணவர் ஹோங்-யீ, "அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதீங்க" என்பார். அடுத்த வருஷம் முதல் ஆளாக இறங்குவதும் அவர்தான்.

எங்களில் பெய்-சான் தனியாள். சின்ச்சு நகரில் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் இருந்தவள். அங்கே ஒரு எந்திரம் நின்றால் உடனே இவள் போன் அலறுமாம். தங்கை கல்யாணத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியிருக்கிறாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கொட்டகையைவிட்டு வெளியே வரவே இல்லை. யாரோ தூக்கிப் போட்ட மின்சார ஸ்கூட்டரின் மோட்டார், பேட்டரி, சைக்கிள் சங்கிலி, இரும்புக் கம்பிகள். இவற்றை வைத்து ஒரு களையெடுக்கும் எந்திரம் செய்தாள். ரெண்டு ஸ்பேனர் இருந்தால் ஊரில் யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்பது அவள் வைத்துக்கொண்ட விதி.

ஏப்ரலில் அவள் அதை வெளியே உருட்டி வந்தபோது, "நண்டு சைக்கிளைக் கட்டிக்கிட்டா இப்படித்தான் பிள்ளை பொறக்கும்" என்றார் ஹோங்-யீ.

"சிரிங்கண்ணே. நாளைக்கு இதுதான் உங்க முழங்காலைக் காப்பாத்தப் போகுது."

மறுநாள் அது யார் முழங்காலையும் காப்பாற்றவில்லை. சாவியைத் திருப்பியதும் பாய்ந்தது. களையோடு நாற்றையும் வாரிக்கொண்டு, எங்கள் எல்லோர் முகத்திலும் சேற்றை அடித்து, நேரே வாய்க்காலில் போய் விழுந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். பெய்-சான் அதைத் துடைத்தபடி, "பழைய புத்தி போகல. வேகமா ஓடணும்னே பண்ணிட்டேன்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கொண்டுவந்தாள். இப்போது அது நடந்தது. ஆமை நடைதான். ஆனால் போன இடத்தில் களை வேரோடு வந்து மிதந்தது, நாற்று அசையவில்லை. ஒன்பது நாள் வேலை இரண்டே நாளில் முடிந்தது.

இரண்டாம் நாள் மாலை வரப்பில் உட்கார்ந்து சோற்றுப்பெட்டியைத் திறக்கும்போது ஹோங்-யீ எழுந்து நின்றார்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆறு வயல் காலியா கிடக்கு. குத்தகைக்குப் பிடிச்சுடுவோம். ஏழு நாள் மிச்சம் இருக்கு, மெஷின் சும்மாதானே நிக்குது?"

சிலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் ஆசை வந்தது.

பெய்-சான் கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தாள். "அண்ணே, மெஷின் சும்மா நிக்கக் கூடாதுன்னு பதினொரு வருஷம் ஓடினேன். இது சும்மா நிக்கட்டும்னுதான் பண்ணேன். அந்த ஆறு வயலையும் பிடிச்சா அடுத்த வருஷம் இன்னும் வேகமா ஒண்ணு கேப்பீங்க."

"அப்ப ஏழு நாள் நாங்க என்ன பண்றது?"

"அது எனக்கும் தெரியல" என்றாள். "கண்டுபிடிப்போம்."

இருக்கும் வயலே போதும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னோம். ஹோங்-யீயைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவர் என்னிடம் "நீயுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். வயல் நடுவே மனிதர் மண்டியிட்டுக் கிடக்கிறார்.

"என்ன பண்றீங்க அங்க?"

"களை ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"ரெண்டு கெடச்சுது" என்று வெட்கத்தோடு கையை உயர்த்திக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தம் கேட்டு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பெய்-சான் சேற்றில் இறங்கி, "அண்ணே, அதுல ஒண்ணு நெல்லு" என்றாள். அவ்வளவுதான், அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேர் அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, அப்படியே ரயிலேற்றி, சோடாபோலக் குமிழிடும் சூஆவ் குளிர் ஊற்றுக்குக் கொண்டுபோனோம்.

தண்ணீரில் கால் வைத்ததும் அவர் போட்ட கூச்சலுக்கு ஊற்றே காலியாகியிருக்கும். பிறகு உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குமிழி ஒட்ட, கழுத்தளவு நீரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு வேலைநாள் பகலில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே பக்கத்து ஊரார் எந்திரத்தை இரவல் கேட்டு வந்தார்கள். பெய்-சான் எந்திரத்தோடு அதன் வரைபடத்தையும் கொடுத்தனுப்பினாள். பூட்டிக் காட்டக் கூடவே போனவர் ஹோங்-யீ. இரண்டு ஸ்பேனரோடு போய், இரண்டு கூடை மூங்கில் குருத்தோடு வந்தார்.

ஜூலையில் அறுத்தோம். போன வருஷ விளைச்சல்தான், ஒரு மூட்டைகூட அதிகமில்லை. குறைப்பட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் ஹோங்-யீ நீச்சல் கற்றுக்கொண்டிருந்தார்.