பாட்டுக்கு வாடும் கொழுந்து

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலேசிய மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் கல்லாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில், மேல்மாடித் தொட்டிகளில் பரப்பியிருந்த எண்ணூறு கிலோ பச்சைக் கொழுந்து நாலே கால் நிமிடத்தில் வாடி முடிந்தது. வழக்கமாக அதற்குப் பதினாறு மணி நேரம் பிடிக்கும். அடியில் விசிறி ஓட வேண்டும், மழை நாளென்றால் சூட்டுக் காற்றும் விட வேண்டும், நடுவில் இரண்டு தடவை கையால் புரட்டிப் போட வேண்டும். அன்றைக்கு மின்சாரமே இல்லை, விசிறி ஓடவில்லை. ஜன்னல் கட்டையில் இருந்த பேட்டரி ரேடியோவில் ஒரு புதுப் பாட்டு ஓடியது, அவ்வளவுதான். மாடியில் வேலை பார்த்த தெரசம்மாள் பாட்டு முடிந்ததும் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தாள். வாடாத கொழுந்து கையைத் திறந்ததும் துள்ளிப் பிரிந்து விழும். வாடியது கொழுக்கட்டை மாதிரி உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருக்கும். இது உட்கார்ந்திருந்தது. அவள் கீழே எட்டிப் பார்த்து, "கிராணி, எல வாடிருச்சு, மெஷின போடலாமா?" என்று கேட்டாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாமிநாதன் மேலே வந்து, அவரும் ஒரு பிடி பிசைந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, புத்தகத்தில் நேரத்தை எழுதிக்கொண்டு கீழே போனார்.

இரண்டு வாரத்தில் அந்தப் பாட்டு மலை முழுக்கப் பரவிவிட்டது. பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், சோளம் விற்கிற சீனர் கடையில்கூட அதுதான். கல்யாண வீட்டில், காதுகுத்தில், கம்போங் ராஜா போகிற பஸ்ஸில் எல்லாம் அதுதான். பிறகு மே மாதத்தில் இன்னொரு பாட்டுக்குக் கொழுந்து மூன்று நிமிடத்தில் வாடியது, அதுவும் ஊரைத் தூக்கியது. பெரிய நடிகருக்காகப் பெரிய செலவில் எடுத்த பாட்டு ஒன்று வந்தது. கொழுந்து அசையவில்லை. பத்தே நாளில் அந்தப் பாட்டை எல்லோரும் மறந்துபோனார்கள். சாமிநாதன் ஒழுங்கான மனிதர், எல்லாவற்றையும் எழுதி வைத்தார். ஒரு வாரம் மட்டும் ஓடப்போகிற பாட்டுக்கு இலையின் ஓரம் மட்டும் சுருளும் என்றும், பத்து வருஷம் நிற்கப்போகிற பாட்டுக்கு மாடி முழுக்கப் பழுத்த ஆப்பிள் வாசம் அடிக்கும் என்றும் மூன்றே வருஷத்தில் கண்டுகொண்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு இதில் சந்தோஷம்தான், மின்சாரச் செலவு குறைந்தது. நல்ல பாட்டு வருகிற மாதங்களில் தேயிலையும் எடையில் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

விஷயம் கோலாலம்பூருக்குப் போகாமல் இருக்குமா? ஷர்வின் என்கிற வானொலி அறிவிப்பாளர் ஒருநாள் காடியை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்து, இன்னும் வெளியாகாத ஆறு பாட்டை மாடியில் போட்டுக் காட்டினார். தெரசம்மாள் ஒவ்வொரு பாட்டுக்கும் புதுக் கொழுந்து ஒரு கூடை பரப்பி, பிசைந்து, ரெண்டும் அஞ்சும் ஓடும், மற்றது வேண்டாம் என்றாள். சொன்ன மாதிரியே நடந்தது. அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் நிலையத்திலிருந்து தெரசம்மாளுக்குப் போன் வரும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. தேவாலயத்தில் பாதர் முதல் வரிசையில் அவளுக்கு இடம் விட்டு வைத்தார். யாராவது புகழ்ந்தால், "நான் என்னத்தலா செஞ்சேன், காது கேக்குறது எலைக்குத்தானே" என்பாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவள் தலையில் ரோஜாப்பூ இருக்கும்.

இதில் ஒரே ஒரு ஆள்தான் வாயைத் திறக்காமல் இருந்தது, அது அவள் புருஷன் டொமினிக். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். இருபது வருஷமாகப் பாட்டு எழுதுகிறான், மெட்டும் அவனே போடுவான். ஐம்பத்தேழு பாட்டு நாலு நோட்டில் இருந்தது. மலையில் இருக்கிறவனெல்லாம் தன் பாட்டைக் கொண்டுவந்து மாடியில் போட்டுப் பார்த்தான், டொமினிக் மட்டும் போடவில்லை. பயம். ஊரான் பாட்டுக்கு இலை வாடவில்லை என்றால் அவன் இலையைத் திட்டிவிட்டுப் போகலாம். சொந்தப் பெண்சாதியின் கை பிசைந்து பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அவள் போடுகிற சோற்றைச் சாப்பிடுவது? தெரசம்மாளுக்கும் இது தெரியும், அவளாகக் கேட்கவில்லை.

2022இல் வானொலி நிலையத்தார் ஒரு போட்டி வைத்தார்கள். மலேசியத் தமிழர்கள் எழுதிய பாட்டில் பத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒன்றை ஒரு மாதம் முழுக்க மணிக்கு ஒரு தடவை போடுவது, எதைப் போடுவது என்று கல்லாற்றுக் கொழுந்து முடிவு செய்வது என்று ஏற்பாடு. டொமினிக் இதற்குத்தான் துணிந்தான். பெயரைப் போடாமல், லோரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனில் பாடி அனுப்பிவிட்டான். தேர்வான பத்தில் அது ஏழாவதாக இருந்தது. பத்தையும் மாடியில் போட்டுப் பார்த்த நாளில் லோரியைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, தண்ணி குடிக்க வந்தவன் மாதிரி மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டான்.

ஆறாவது பாட்டு, கிள்ளானில் இருக்கிற அக்கா தங்கச்சி இரண்டு பேர் பாடியது, கொழுந்தை இரண்டே முக்கால் நிமிடத்தில் வாட்டிப் போட்டது. மாடியே ஆப்பிள் மணத்தது. உடன் வேலை பார்க்கிற குமுதா அந்த மணத்தில் சொக்கிப்போய், வாடிய கொழுந்தை அள்ளாமல் அப்படியே தொட்டியில் விட்டுவிட்டாள். அதன் மேலேயே ஏழாவதுக்கான பச்சைக் கொழுந்தும் விழுந்தது. பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே தெரசம்மாளுக்கு யார் குரல் என்று தெரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் குறட்டை கேட்டவளுக்குத் தெரியாதா? 2013இல் பெர்த்தாமில் சேறு வந்து தோட்டங்களை மூடியதைப் பற்றிய பாட்டு அது. சேறு காய்வதற்குள் அதன் மேலேயே கீரை விதைத்த ஒரு பெண்ணைப் பற்றிப் போகும். "வா பச்சையே, மறுபடி வா, மண்ணு மேல கோவம் விட்டு வா" என்று நாலு தடவை வரும். தெரசம்மாள் இந்த வேலையில் முதல் தடவையாகச் சிலுவை போட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள்.

பிசைந்தாள். கை திறப்பதற்கு முன்னாலேயே கொழுந்து விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அடியிலிருந்து, ஆறாவது பாட்டுக்கு வாடிச் சுருண்ட இலையெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, செடியில் இருந்த நிறத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. போனில் ஷர்வின் காத்திருந்தார். குமுதா, கிராணி, படிக்குக் கீழே டொமினிக், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி போட்டிருந்தது.

"ஏழு எப்படிக்கா?"

"வாடல தம்பி."

"ஓரம்கூடவா?"

"ஓரம்கூட. ஹிட் ஆவாது. ஆறாம் நம்பர எழுதிக்குங்க."

கீழே லோரி கிளம்பிப்போகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரியுமான குமுதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு, அடுத்த நாளே தோட்டத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

"கண்ட கண்ட பய பாட்டுக்கெல்லாம் தலைய தொங்கப் போட்ட எல, நான் பாடுனா மட்டும் வெறச்சிக்கிட்டு நிக்குது."

"நான் என்ன செய்யட்டும் கரேன் அப்பா? எலைய மெரட்டவா?"

"ஓரம் லேசா சுருண்டுச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா உன் கிரீடம் விழுந்துருமா?"

"விழும்லா. இன்னிக்கு உங்களுக்காக சொல்லிட்டா, நாளைக்கு நெசமாவே உங்க பாட்டு வாடுனாலும் எவனும் நம்ப மாட்டான். புருஷனுக்கு சொல்றான்னுதான் பேசுவான்."

"இனிமே பாட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நோட்டெல்லாம் அடுப்புல போடு."

"கேஸ் அடுப்புல எப்படி போடுறது?"

மூன்று வாரம் அவன் லோரி ஓட்டினான், சாப்பிட்டான், படுத்தான், அவ்வளவுதான். குளிக்கும்போது பாடுவதுகூட நின்றுவிட்டது. ஈப்போவில் தாதியாக வேலை பார்க்கும் மகள் கரேன் போன் செய்து, "அப்பா உடம்பு சரியில்லையா, பின்னால சத்தமே இல்லையே" என்று கேட்டாள். தான் சொன்னது சரிதான் என்று தெரசம்மாளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூன்று வாரத்துச் செவ்வாய்க்கிழமைகளில் அவள் பூ வைக்கவில்லை.

இந்தப் பக்கம் தொழிற்சாலையில் அந்தத் தொட்டி பெரிய தலைவலியாகிவிட்டது. விசிறியைப் போட்டார்கள், பதினாறு மணி நேரம், பிறகு முப்பது மணி நேரம் சூட்டுக் காற்று விட்டார்கள். கொழுந்து வாடவே இல்லை, இன்னும் பச்சை கூடியது. இரண்டாம் நாள் சிலது புதிதாகத் துளிர் விட்டது. வாடாத இலையை வைத்து எந்தத் துரை தேயிலை செய்வார்? பின்பக்கச் சரிவில் கொட்டச் சொன்னார். அந்தச் சரிவு ஒரு காலத்தில் மண் சரிந்து மொட்டையாகப் போன இடம். புல், முருங்கை, சவுக்கு என்று என்னென்னவோ நட்டுப் பார்த்து எதுவும் பிடிக்காமல் கைவிட்டது. கொழுந்தைக் கொட்டினார்கள், ஒன்பது நாள் மழை பெய்தது, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் கொட்டிய கொழுந்தெல்லாம் வேர் விட்டு நிற்கிறது. மூன்றாம் வாரம் இடுப்பளவு. அதுவும் தாறுமாறாக இல்லை, ஆள் கூடையோடு நடந்து போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக. துரை கிராணியைக் கூப்பிட்டு யார் நட்டது என்று கேட்டார். "ஏழாம் நம்பர் பாட்டு, துரை" என்று சாமிநாதன் சொன்னார். துரை அதை அளந்து வரைபடத்தில் சேர்க்கச் சொன்னார். ஒன்றே கால் ஏக்கர் இருந்தது.

தெரசம்மாள் வேலை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக டொமினிக்கைச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் குனிந்தான். ஒரு செடியின் அடித்தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"இது என்ன புள்ள, கன்னு வாங்கி நட்டானுங்களா?"

"உங்க பாட்டு நட்டுச்சு."

"சும்மா சொல்லாத."

"நான் உங்களுக்காக பொய் சொல்ற ஆளாலா? மூணு வாரம் அதுக்குத்தானே மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க."

டொமினிக் வரிசைக்குள் இறங்கி மேலேயிருந்து கீழே வரை நடந்தான், திரும்பவும் ஏறி வந்தான். வரும்போது வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தான். பின்னால் வந்த தெரசம்மாள், அவன் தாண்டிப்போகிற செடிகளின் நுனியெல்லாம் அரை விரல் உயர்வதைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஊர் பார்க்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "அந்தா தெரியுது பாரு, எங்க வீட்டுக்காரர் பாட்டு" என்று சரிவைக் காட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷர்வின் போனில் வந்தார். விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டது.

"அக்கா, அந்த ஏழாம் நம்பர போடலாமா?"

"நான் ஒரு தடவ சொன்னா சொன்னதுதான் தம்பி. ஹிட் ஆவாது. செடி வேணும்னா போடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அதை ஒரே ஒரு தடவை போட்டார்கள். தெரசம்மாள் சொன்ன மாதிரியே அது ஹிட் ஆகவில்லை. மறுபடி கேட்கவேண்டும் என்று நிலையத்துக்கு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்கள் எல்லாம் வேறு விஷயமாகக் கூப்பிட்டார்கள். செந்தூலில் ஒரு வீட்டில் ஐஸ்பெட்டிக்குள் பையில் கட்டி வைத்த கறிவேப்பிலை வேர் விட்டு முட்டைகளுக்கு நடுவில் நின்றது. பூச்சோங்கில் ஒரு மணப்பெண் தலையில் வைத்த மல்லிகை திரும்ப மொட்டாகிவிட்டது, படம் எடுக்கிறவர் இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்தார். சிரம்பானில் பந்தியில் போட்ட வாழை இலை சுருண்டு குருத்தாகிவிட்டதால் அன்றைக்கு எல்லோரும் தட்டில் சாப்பிட்டார்கள். யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. நிலையத்தார் அந்தப் பாட்டைப் பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்து, விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள்.

டொமினிக் மறுபடி எழுதத் தொடங்கினான். ஐம்பத்தெட்டாவது பாட்டை அவனே மாடிக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் தெரசம்மாளிடம் கொடுத்தான். அதற்குக் கொழுந்து வாடவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை, சும்மா கிடந்தது. "சுமார்" என்றாள் தெரசம்மாள். "சரி, மாத்தி எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த போத்தலில் மிச்சமிருந்த தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

சரிவுக்கு 23A என்று நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இடங்களைப் போலவே இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை கொழுந்து வெட்டு. ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே பாடினால்தான் கொழுந்து வரும், பாடாமல் போனால் முற்றிய கரட்டு இலைதான் கிடைக்கும். இப்போது அங்கே வெட்டுகிறவர்கள் பாதிப்பேர் வங்காளதேசத்துக்காரர்கள், மீதிப்பேர் நேப்பாளிகள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. புதிதாக ஆள் வந்தால் குமுதா முதல் நாள் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுப்பாள், இரண்டாம் நாள் அந்த ஏழாம் நம்பர் பாட்டைக் கற்றுக்கொடுப்பாள். ழகரமும் ளகரமும் எப்படியெப்படியோ வரும். செடி அதையெல்லாம் பார்ப்பதில்லை. போன வெட்டில் நானூற்றுப் பத்து கிலோ கிடைத்தது.