போடிலின் வலப்பக்கம்

ராண்டர்ஸ் நகர பஸ் டிப்போவில் இரவு வேலை எனக்கு. வண்டிகளுக்கு டீசல் போடுவது, தரையைத் தேய்ப்பது, இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் ஒற்றைக் கையுறைகளைப் பொறுக்குவது. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இது பொருத்தமான வேலைதான். யாரிடமும் பேச வேண்டியதில்லை. பிறகு, கடையை மூடிவிட்டுப் போன ஒரு கல்யாணப் புகைப்படக்காரனிடம் இரண்டு ஃபிளாஷ் விளக்குகள் மலிவாகக் கிடைத்தன. எதற்கு வாங்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

டிப்போ மேலாளர் தோர்கிலுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. ஓட்டுநர்கள் எல்லோருக்கும் படத்தோடு புது அடையாள அட்டை வர வேண்டியிருந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"யெப்பே, உங்கிட்ட ஏதோ லைட்டெல்லாம் இருக்காமே. நீயே எடுத்துரு. வெளியாளக் கூப்பிட்டா நாள் முழுக்க காபி குடிச்சுட்டு பில்லு அனுப்புவான்."

டயர் கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தான். காலையில் என் வேலை முடியும் நேரமும் அவர்கள் வண்டி எடுக்கும் நேரமும் கொஞ்சம் ஒட்டி வரும். அந்த இடைவெளியில்தான் நான் விளக்கு வைக்கக் கற்றுக்கொண்டேன், அவர்கள் முகங்களின் மீது.

முதலில் எடுத்ததெல்லாம் குப்பை. விளக்கைத் தாழ்வாக வைத்தேன். எல்லோரும் கோடை இரவில் நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்கிறவர்கள் போலத் தெரிந்தார்கள். உயர்த்தினேன். கண்கள் இரண்டும் குழிகளாயின. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை ஜன்னல்கள். ஓட்டுநர் ஹென்னிங்குக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. அவன் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ரூட் நம்பர் எழுதி ஒட்டலாம்டா, தூரத்துலேர்ந்தே தெரியும்" என்றான்.

மெல்லப் பிடிபட்டது. வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய வெள்ளைக் குடை வழியாக ஒரு விளக்கு முன்னால், சற்று மேலே. இன்னொன்று மறுபக்கம், பலம் குறைவாக. இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாக விழுந்தால் சுருக்கங்கள் அடங்கிவிடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எல்லா முகத்துக்கும் இது போதும் என்று நம்பினேன். போடில் வரும்வரை.

போடிலுக்கு அந்தக் குளிர்காலத்தில் இடப்பக்க முகம் செயலிழந்து போயிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது வாயிலிருந்து தண்ணீர் தானாக வழிந்ததாம், அப்படித்தான் தெரிந்துகொண்டாள். சில மாத விடுப்புக்குப் பிறகு வண்டி ஓட்ட அனுமதித்துவிட்டார்கள். ஆனால் இடது கண் இன்னும் முழுசாக மூடவில்லை, வாயின் அந்த ஓரம் தொங்கியபடி இருந்தது. கேன்டீனில் யாருடனும் உட்காராமல் வண்டியிலேயே சாப்பிட்டாள்.

இருபத்தைந்து வருடம் முடிக்கிற ஓட்டுநருக்கு எங்கள் டிப்போவில் ஒரு காலை விருந்து உண்டு. மேசையில் சின்னச் சின்னக் கொடிகள், சூடான ரொட்டி, தோர்கிலின் நீளமான பேச்சு. படம் கேன்டீன் சுவரில் ஏறும், அங்கேயே இருக்கும். இந்த வருடம் போடிலின் முறை.

"கொடி வேணாம், கேக் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று தோர்கிலிடம் சொல்லிவிட்டாள்.

"கால் நூற்றாண்டு ஓட்டியிருக்க போடில். கண்ண மூடிக்கிட்டு விட்டுர முடியுமா?"

"மூடிக்கோ. உனக்காவது ரெண்டும் மூடுது."

"சரி, பழைய படம் ஏதாவது மாட்டிரலாமே."

"மாட்டு. எல்லாரும் கீழ நின்னு அவளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து அவளே டயர் கிடங்குக்கு வந்தாள். சீருடை சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"இத உன் லைட்டால மறைக்க முடியுமா? நேராச் சொல்லு. முடிஞ்சா விருந்துக்கு வரேன். முடியலன்னா அன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்ல."

முடியும் என்றேன். எனக்குத் தெரியாது.

வழக்கம்போல இரண்டு பக்கமும் சமமாக வைத்து எடுத்தேன். அவளுக்கு அதுதான் மிக மோசமான வெளிச்சம். நல்ல பக்கத்தில் அறுபது வருடச் சுருக்கங்கள். செத்த பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை, நெற்றி வழவழவென்று இருந்தது.

"இந்தப் பாதிக்கு மட்டும் முப்பது வயசு" என்றாள். பிறகு திரையை உற்றுப் பார்த்தாள். "ஆனா பக்கம் மாறிருக்கே. கோணல் இங்க இல்ல, அங்கதான்." கையால் தன் கன்னத்தைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.

கோணிய பிறகு அவள் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறாள். கால் நூற்றாண்டாக அவளுக்கு பஸ்ஸின் கண்ணாடி பார்ப்பதுதான் தொழில். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். அவள் தலையசைத்தாள், ஆனால் சட்டைப்பையில் இருந்த அவள் பெயர் வலமிருந்து இடமாக ஓடியது. அதைச் சுவரில் மாட்ட முடியாது.

இடப்பக்க விளக்கை அணைத்தேன். அந்தப் பக்கம் கறுப்புத் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன், எதிரொளிகூட விழாதபடி. முகத்தின் இடது பாதி இருட்டில் மூழ்கியது. கோணல் போய்விட்டது. கூடவே ஆளும் போய்விட்டாள். உதடுகளை இறுக மூடி, எதற்கோ விசாரணைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"போதும், இதையே போடு."

"இன்னும் ஒண்ணு எடுக்கறேன்."

அப்போது ஹென்னிங் உள்ளே எட்டிப் பார்த்தான். "என்ன போடில், கடைசியில புடிச்சுட்டாங்களா? ஸ்டாப்ல நிக்காமப் போனதுக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. விரல் தானாக அழுத்தியது.

வலது பாதி முழுக்க மேலே ஏறியிருந்தது, கண் சுருங்கி, பற்கள் தெரிய. தலையை ஆட்டிச் சிரித்ததில் இடது பாதி நிழலிலிருந்து வெளியே வந்து, அந்தச் சிரிப்பில் சேராமல், யாரோ ஒருவரின் முகம் போல என்னையே பார்த்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. அவளிடம் காட்டினேன். அவளுக்கும் புரியும் என்று நினைத்தேன்.

"அழி."

"போடில், இதுதான் நீ. இதுல உயிர் இருக்கு."

"உனக்கு அது படம். நான் தினம் அதுக்குக் கீழ உக்காந்து சூப்பு குடிக்கணும். உயிர் வேணும்னா உன் மூஞ்சிய எடுத்து மாட்டு."

கேமராவில் அழித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் ஒரு பிரதி தானாகப் போய்ச் சேர்ந்திருந்தது, அது அவளுக்குத் தெரியாது.

"இதுலயும் ஒண்ணு இருக்கு" என்றேன்.

"அப்ப ஏன் சொன்ன? சொல்லாம வெச்சிருக்கலாமே."

"தெரியல."

"அதையும் அழி."

அழித்தேன். உண்மையைக் காட்ட வேண்டும் என்று பேசுவது கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குச் சுலபம். அவன் முகம் சுவரில் ஏறப்போவதில்லை. இதை அன்றைக்கே யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

கிளம்புவதற்காக அவள் நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பி ஜாக்கெட்டை எடுத்தாள். ஹென்னிங் அவளுடைய வலப்பக்கம் நின்று, "எனக்கும் ஒரு நிழல் படம் கெடைக்குமா, பொண்ணு தேட உதவும்" என்றான். அவள் முகத்தைக் கொஞ்சமாக அவன் பக்கம் திருப்பி, வலது புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனை அவள் பார்க்கும் பார்வை அது. இந்த ஊரில் அந்தப் பார்வையை வாங்காதவன் குறைவு. ஹென்னிங்கின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது.

"அசையாத" என்றேன். "ரெண்டு பேரும்."

தார்ப்பாயைக் கழற்றி எறிந்தேன். அவள் நாற்காலியை ஓட்டுநர் இருக்கையாக நினைத்து, முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்துக்குப் பெரிய விளக்கை நகர்த்தினேன். பஸ்ஸின் கதவு எங்கே இருக்குமோ அங்கே கேமராவோடு நின்றேன். இடப்பக்கம் மூக்குக்கு அப்பால் போய்விட்டது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் பஸ்களில் கதவு ஓட்டுநருக்கு வலப்பக்கம், ஏறுகிற பயணி பார்ப்பதும் அந்த வலப்பக்கத்தைத்தான்.

"ஹென்னிங், எனக்குப் பின்னால வந்து நில்லு. நீ பயணி. உங்கிட்ட டிக்கெட் இல்ல."

"எங்கிட்ட மாசப் பாஸ் இருக்கு."

"இல்ல."

"போன வாரம்தான் புதுப்பிச்சேன்" என்றான் அவன், போடிலைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில். புருவம் இன்னும் மேலே போனது. எடுத்தேன்.

திரையை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து என்னை நான் பாத்ததே இல்ல."

"நாங்க பாக்கறது இதுதான்."

"ம்." ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள். "மாட்டு."

விருந்தன்று அவள் வந்தாள். கேன்டீனில் இடம் போதாமல் பலர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். தோர்கில் வழக்கம்போல நீளமாகப் பேசினான், டீசல் விலையில் தொடங்கி எங்கெங்கோ போனான். முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கடுகடுன்னு இல்ல?" என்னைக் கேட்டான். "சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட வரலயா?"

போடிலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல" என்றேன்.

அவள் ஒரு ரொட்டியை எடுத்து, இரண்டாக அறுத்து, வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.