ஒரு விரல் ஆழம்

இடது காலுக்குச் சாக்ஸ் ஏறிவிட்டது. வலது கால்தான் முரண்டு பிடித்தது. தியோடர் தரையில் மண்டியிட்டு, அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தான். ஐம்பது வருஷம் மாட்டு வண்டியோடு வெறுங்காலில் நடந்த கால். ஐந்து விரலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போல ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. உயிரோடு இருந்தபோது செருப்புக்கே அடங்காத காலைச் செத்த பிறகு சாக்ஸுக்குள் திணிப்பது என்ன நியாயம் என்று அவனுக்கே தோன்றியது. ஆனால் பெட்டிக்குள் போகிறவர் கோட்டும் சாக்ஸுமாகப் போகவேண்டும் என்பது மர்பி டவுன் வழக்கம்.

"விட்டுடுங்க. மேல துணிய போத்திட்டா தெரியாது," என்றாள் அவன் மனைவி பெர்னதெத். அவள் மாமனாரின் கைகளைச் சேர்த்துவைத்துச் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா மதலைமுத்து இன்று விடியற்காலையில் போய்விட்டார். நாலு மணிக்குக் கோயிலில் பூசை. இப்போது இரண்டுகூட ஆகவில்லை.

வெளியே இரும்புச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு வண்டி, இரண்டு வண்டி என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். இது நிற்கவே இல்லை. தியோடர் சாக்ஸைக் கையில் பிடித்தபடியே எழுந்து ஜன்னலருகே போனான். தெருமுனையிலிருந்து மெயின் ரோடு வரை வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகளைக் குளிப்பாட்டியிருந்தார்கள். சில கொம்புகளில் சாமந்திப்பூகூட இருந்தது. சாவு வீட்டுக்கு வருகிற வரிசையாக அது தெரியவில்லை.

ரெமிஜியஸ் உள்ளே வந்தார். அப்பாவின் முப்பது வருஷக் கூட்டாளி. சொந்த வண்டியை விற்றபின், இரண்டு மாதமாக மதலைமுத்துவின் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தார்.

"நாப்பது வண்டி வந்துருக்குது தம்பி. இன்னிக்கி யாரும் லோடு ஏத்தல. அண்ணன அவரு வண்டிலயே வச்சி, பின்னாடி நாப்பது வண்டியும் போவணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. வரிய எடுக்க வச்ச மனுசன சும்மா தூக்கினு போவ முடியுமா?"

தியோடரின் கையிலிருந்த சாக்ஸ் கீழே விழுந்தது.

"யாரு சொன்னாங்க சித்தப்பா, வரிய எடுத்துட்டாங்கன்னு?"

"அண்ணன்தான். நேத்து காலைல மாட்டத் தண்ணிக்கு ஓட்டறதுக்கு வந்தன் இல்ல, அப்ப கூப்ட்டு சொன்னாரு. பேச்சே வரல, பாவம். காத வாய்கிட்ட வச்சித்தான் கேட்டன். நானு நம்பல. 'என் மவன் எழுதறது சர்க்கார் புஸ்தகத்துல ஏறுது, அவன் சொன்னா அச்சடிச்ச மாதிரிடா'ன்னாரு. அப்பறம் இன்னா? டோக்கனுக்குன்னு எல்லார்கிட்டயும் வாங்கி வச்சிருந்த துட்ட நேத்தே திருப்பிக் குடுத்துட்டன்."

பெர்னதெத் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஊர் ஒன்றுதான், ஆட்சி இரண்டு. மர்பி டவுன் இருப்பது கண்டோன்மென்ட்டில், வெள்ளைக்காரன் ஆட்சியில். சுமை ஏற்றி இறக்குவதோ சிட்டி மார்க்கெட்டில், மகாராஜா ஆட்சியில். நடுவே இருக்கிற எல்லையை வண்டிக்காரர்கள் தினம் இரண்டு தடவை தாண்டுவார்கள். அதனால் சமஸ்தானம் இந்த வருஷம் வண்டி வரி போட்டபோது அது இவர்கள் தலையிலும் விழுந்தது. வரி கட்டுகிற வண்டிக்குப் பித்தளை வில்லை ஒன்று அடித்துக் கொடுப்பார்கள். வண்டிக்காரர்கள் அதை டோக்கன் என்பார்கள். அது இல்லாத வண்டியை எல்லைச் சாவடியில் பிடித்துவைத்து இரட்டிப்பாக வாங்குவார்கள். கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

படுக்கையில் விழுவதற்கு முன்னால் மதலைமுத்து வீடுவீடாக ஏறி இறங்கி ஒரு மனுவுக்கு ஆள் சேர்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு. முதல் கட்டைவிரல் அவருடையது. சிட்டி மெம்பர் ஒருவர் அதைச் சட்டசபையில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்தார்; வாசிக்கவும் செய்தார். அந்தச் சபையில் மெம்பர்கள் கேட்பதையும் சர்க்கார் சொல்லும் பதிலையும் சுருக்கெழுத்தில் பிடிக்கிற ரிப்போர்ட்டர்களில் தியோடரும் ஒருவன். சபை கூடும் அட்டாரா கச்சேரியின் சிவப்புக் கட்டடத்துக்குள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பாவின் மனு வந்தபோது எழுதும் முறை அவனுடையது.

நிதி இலாகா மெம்பர் பதில் சொல்ல எழுந்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் கோபப்படவே இல்லை. தார் ரோடுகளுக்கு ஆன செலவைச் சொன்னார். பஸ்காரர்கள் கட்டும் வரியைச் சொன்னார். வண்டியின் இரும்புப் பட்டை வெயில் காலத்தில் தாரை ஒரு விரல் ஆழம் வெட்டுகிறது என்று இன்ஜினியர்கள் அளந்து பார்த்திருப்பதைச் சொன்னார். வெட்டுகிறவர் ஒட்டுவதற்கும் கொஞ்சம் தரவேண்டாமா என்று கேட்டார். ரப்பர் டயர் மாட்டினால் பாதி வரி தள்ளுபடி என்று சலுகையும் காட்டினார். அந்த டயர் வாங்குகிற விலைக்கு இன்னொரு ஜோடி மாடே வாங்கலாம் என்பது அந்த மண்டபத்தில் தியோடர் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். ரிப்போர்ட்டருக்கு வாய் கிடையாது.

மனுவில் 'நாங்களும் எங்கள் மாடுகளும் ஒரே வயிறு' என்று ஒரு வரி இருந்தது. அது அப்பா சொல்லி எழுதவைத்தது. நிதி மெம்பர் அதை எடுத்து மறுபடியும் வாசித்தார். "அப்படியென்றால் மாடுகளும் மனுதாரர்கள்தானே. அவற்றின் குளம்பு ரேகையை ஏன் வாங்கவில்லை?" என்றார். சபை சிரித்தது. சிரிப்பையும் ரிப்போர்ட்டர் எழுதவேண்டும், அடைப்புக்குறிக்குள். தியோடர் எழுதினான். எழுதும்போது அவன் உதடும் ஒரு கணம் விலகியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தான். மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவன் வேலையைப் பற்றிக் கேட்காத அப்பா அன்று கேட்டார்.

"மனுவ படிச்சாங்களா?"

"படிச்சாங்கப்பா."

"முழுசா?"

"முழுசா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "யாருனா சிரிச்சாங்களா?" என்றார்.

வரி என்ன ஆனது என்று கேட்டிருந்தால் அவன் எதையாவது மென்று முழுங்கியிருப்பான். இந்தக் கேள்விக்கு அவனிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. "இல்லப்பா. வரிய எடுத்துட்டாங்க," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்காத மனுஷன் அரை டம்ளர் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த பெர்னதெத் அழுதுவிட்டாள். ராத்திரி அவளிடம் உண்மையைச் சொன்னபோது, அந்தப் பொய் அப்பாவோடு போய்விடும் என்றுதான் அவன் நம்பினான். சாகக் கிடக்கிறவருக்கும் சொல்வதற்கு ஆள் உண்டு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ரெமிஜியஸ் வண்டியில் வைக்கோல் பரப்பச் சொல்ல வெளியே போனார். பெர்னதெத் கீழே கிடந்த சாக்ஸை எடுத்து மடித்தாள்.

"இங்கிருந்து சிட்டிக்கு எவ்ளோ நேரம் ஆவும், வண்டில?"

"ரெண்டு மணி நேரம். வண்டிய நேர்ல காட்டணும். அப்பதான் வில்லை அடிப்பாங்க."

"அப்ப இப்பவே கெளம்பணும்."

"இப்ப சொன்னா எல்லாரும் போய்டுவாங்க பெர்னா. அப்பாவ தூக்க ஆள் இருக்காது. பூசை முடிஞ்சதும் சொல்லிக்கலாமே."

"முடிஞ்சப்பறம் அஞ்சாயிடும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நாப்பது வண்டியும் சாவடில நிக்கும். ரெமி மாமா அத்தினி பேருக்கும் பதில் சொல்லணும். உங்கப்பா பேரச் சொல்லித் திட்டுவாங்க. நீங்க சொல்றீங்களா, நான் போயி சொல்லட்டுமா?"

தியோடர் அப்பாவின் வலது காலைப் பார்த்தான். வெறுங்காலாகவே இருந்தது. அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்திவிட்டு வெளியே போனான்.

வெயிலில் கண் கூசியது. வாசலில் அப்பாவின் வண்டி வைக்கோல் பரப்பித் தயாராக நின்றது. சுற்றி நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். சபையில் பேசுகிறவர்களின் பேச்சை மூன்று வருஷம் எழுதியவன்தான். நாலு பேர் முன்னால் தானே நின்று பேசுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"வரிய எடுக்கல," என்றான்.

யாருக்கும் புரியவில்லை. அவன் மறுபடியும் சொன்னான். "வண்டி வரிய எடுக்கல. மனுவ தள்ளிட்டாங்க. இன்னிக்கி அஞ்சு மணிதான் கெடு. இப்ப கெளம்பினா போய்ச் சேரலாம்."

பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப மதலைமுத்து அண்ணன் ஏன் அப்டி சொன்னாரு?" என்றான்.

"அவருகிட்ட நான்தான் அப்டி சொன்னன்."

பஷீர் பாய் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். வயசானவர். மனுவில் இரண்டாவது கைநாட்டு அவருடையது. "ஏன் பேட்டா? உனக்கென்ன வந்துச்சு?" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சிரித்தார்கள் பாய், அதனால்தான் என்று சொல்லியிருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மாடும் ஒரே வயிறா என்று சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"அவுருக்கு ஒடம்பு முடியல. அதான்," என்றான் தியோடர்.

ஒருத்தன் வெற்றிலையைக் காறித் துப்பினான். "படிச்ச புள்ள," என்றான் இன்னொருத்தன். ரெமிஜியஸ் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இத்தனை கிழவர் என்பதைத் தியோடர் அப்போதுதான் கவனித்தான். பிறகு அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"டைம் இல்ல. ஊட்டுக்கு ஓடி துட்ட எடுத்துனு வாங்கடா. இல்லாதவன் பக்கத்து ஊட்ல கேளு. வண்டிய அப்டியே திருப்புங்க."

தெரு அமளிப்பட்டது. சில பேர் உள்ளே வந்து மதலைமுத்துவின் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். சில பேர் வாசலோடு திரும்பினார்கள். பஷீர் பாய் பெட்டியருகே வந்து கொஞ்ச நேரம் கையேந்தி ஓதிவிட்டுப் போனார். குறுகலான தெருவில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கித் திரும்பின. கொம்பிலிருந்து உதிர்ந்த சாமந்தியை மாடுகளே மிதித்தன.

ரெமிஜியஸ் அப்பாவின் வண்டியிலிருந்து வைக்கோலை அள்ளிக் கீழே போட்டார்.

"அண்ணன் வண்டியையும் ஓட்டினு போறன். துட்டு குடு. டோக்கன் இல்லாம இது நிக்கக்கூடாது."

"நீங்களாவது இருங்க சித்தப்பா."

"அந்த ஆபீஸ்ல என்னத்தான் தெரியும். நா போவலன்னா இவனுங்கள கன்னடத்துல வெரட்டிட்டு ஜன்னல சாத்திடுவானுங்க." பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். ஏர்க்காலில் ஏறி உட்கார்ந்தார். கயிற்றைப் பிடித்தவர் இழுக்காமல் இருந்தார். வாசல் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மனுவ படிச்சாங்களா தியோ?"

"படிச்சாங்க சித்தப்பா."

"ஒரே வயிறுன்னு எழுதனமே. அதயுமா?"

"அதயும்தான்."

ரெமிஜியஸ் மாட்டின் முதுகிலிருந்த ஈயை ஓட்டினார். "யாரும் சிரிக்கலியே?"

தியோடர் அவர் முகத்தைப் பார்த்தான்.

"இல்ல, சித்தப்பா."

"அப்ப சரி," என்று அவர் கயிற்றைச் சுண்டினார்.

மூன்றரை மணிக்குப் பெட்டியை மூடினார்கள். கோயில் உபதேசியார், எதிர்வீட்டுத் தையல்காரர், ஆஸ்பத்திரி வார்டு பையனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தியோடர். நாலு தோள்தான் இருந்தது. தையல்காரர் குள்ளம். அவர் பக்கம் பெட்டி சாய்ந்தது. பெர்னதெத் முக்காட்டைச் செருகிக்கொண்டு அந்த மூலைக்கு வந்து ஒரு கை கொடுத்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோயிலுக்குப் போக மெயின் ரோட்டில் ஏறவேண்டும். போன வருஷம் போட்ட தார் அது. சித்திரை வெயிலில் இளகிப் பளபளத்தது.

"பாத்து. தடம் இருக்குது," என்றார் முன்னால் போன உபதேசியார்.

தியோடர் குனிந்து பார்த்தான். நாற்பது வண்டிகளின் சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ரோட்டை நீளத்துக்கு இரண்டு கோடாக வெட்டியிருந்தன. இரண்டும் சிட்டிப் பக்கம் போயின. அவன் செருப்பின் முனை அதில் இறங்கித் தட்டியது. நிதி மெம்பர் சொன்னதில் பிசகு இல்லை. ஒரு விரல் ஆழம்தான் இருக்கும். அவன் காலை எடுத்து வெளியே வைத்துத் தோளைச் சரிசெய்துகொண்டான். பெட்டி கோயில் பக்கம் திரும்பியது.