கசப்பு போன மருந்து

"மருந்துல கசப்பே இல்ல டாக்டரம்மா," என்றார் மல்சுன் அம்மா. புகார் சொல்கிற குரல் இல்லை அது. சமைத்து வைத்ததை விருந்தாளி மிச்சமில்லாமல் சாப்பிட்டுப் போனதைச் சொல்கிற குரல்.

அவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்த நர்ஸ் ஓக்யங் நிமிர்ந்து பார்த்தாள். "கசக்காத மூலிகைக் கஷாயமா? எனக்கும் ஒரு பெட்டி குடுங்கம்மா. எங்க வீட்டுக்காரருக்கு மூக்கைப் பிடிச்சு ஊத்த வேண்டியிருக்கு."

"உன் புருசன் உயிரோட இருக்காரில்ல? அப்ப கசக்கத்தான் செய்யும்," என்றார் மல்சுன் அம்மா.

ஓக்யங் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அதை வெறும் கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தேபெக் மலைநகரத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகும் இருமல் மூடவில்லை. நாள்பட்ட இருமலுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் ஒரு கஷாயம் உண்மையில் வேலை செய்கிறதா, உடம்புக்குக் கெடுதல் செய்யாமல் இருக்கிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பாதிப் பேருக்குத் தோராஜி என்னும் கசப்பு வேரும் மற்ற மூலிகைகளும் போட்டுக் காய்ச்சியது. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வாசனை, அதே கசப்புள்ள போலி நீர். யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. ஆகவே கசப்பு இல்லை என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒரு பெட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மொத்த ஆராய்ச்சியும் வீணாகலாம்.

ஆனால் மல்சுன் அம்மாவின் இருமல் குறைந்திருந்தது. முதல் தடவை வந்தபோது காத்திருப்பு அறையின் கண்ணாடி அதிர இருமியவர், இப்போது அரை மணி நேரம் உட்கார்ந்து கதை பேசினார். விரலில் மாட்டும் கருவி மட்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் அப்படிக் காட்டும். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அவருக்குக் கொடுத்த அதே தொகுப்பிலிருந்து ஒரு கஷாயப் பொட்டலத்தைக் கத்தரித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு காது வரை ஏறியது.

"வீட்டுல எப்படி வெச்சிருக்காங்கன்னு போய்ப் பாரு," என்றார் எங்கள் பேராசிரியர் தோ. "அடுப்புப் பக்கத்துல வெச்சு வேக விட்டிருப்பாங்க."

*

பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகள் ஓடைக்கு மேலே, செங்குத்தான சரிவில் படிப்படியாக ஒட்டிக்கொண்டிருந்தன. பெரும்பாலான வீடுகளில் ஆள் இல்லை. நான் ஒரே மூச்சில் ஏறிவிட்டேன். மல்சுன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இளரத்தம்! எங்க வீட்டு மனுசன் இந்த மேட்டுல ஏற ஒரு சாயங்காலமே ஆகும். ஓடைப் பாலத்துல உக்காருவாரு. அப்புறம் அந்தக் கரண்டுக் கம்பத்துல. அப்புறம் முட்டைக்கோஸ் கொட்டகையில. நான் மேல நின்னு கத்துவேன், கெழவா, சூப்பு ஆறிப்போச்சுன்னு. திட்டக்கூட அவருக்கு மூச்சு இருக்காது, கையை மட்டும் ஆட்டுவாரு."

அவர் கணவர் மா கிச்சோல் சென்ற குளிர்காலத்தில், கீழே பள்ளத்தாக்கிலுள்ள மருத்துவமனையில் இறந்தவர். நுரையீரல் முழுக்கக் கரித்தூசி. மல்சுன் அம்மா சுரங்கத்துக்குள் காலே வைத்ததில்லை. சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார்.

மருந்துப் பெட்டி குளிர்பெட்டியில் ஒழுங்காக இருந்தது. எந்தத் தவறும் இல்லை. "நீங்க எப்படிக் குடிக்கிறீங்கன்னு காட்டுங்கம்மா," என்றேன்.

ஒரு பொட்டலத்தை வெந்நீரில் போட்டுச் சூடாக்கினார். அதைக் கத்தரித்துக் கிண்ணத்தில் ஊற்றினார். கிண்ணத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அலமாரி மேல் இருந்த கணவரின் படத்துக்கு முன்னால் வைத்து, மேலே ஒரு கரண்டியைக் குறுக்காக வைத்தார்.

"இந்தாங்க, ஆறதுக்குள்ள குடிங்க."

பிறகு என்னைப் பார்த்து, தப்புச் செய்த பிள்ளை போலச் சிரித்தார். "முதல்ல அவரு. மிச்சம்தான் எனக்கு. செத்தவங்களுக்குப் படைச்சதை நாம சாப்பிடறது வழக்கம்தானே, டாக்டரம்மா. கூடாதுன்னு நீங்க குடுத்த தாள்ல ஒண்ணும் போடலியே?"

உண்மைதான், போடவில்லை. மருந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், பாதியை மருமகளுக்கு அனுப்பாதீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தோம். இறந்தவர்களைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

அவர்கள் சாப்பிட்டுவிட்டால் படையலில் ருசி போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். என் மாமாக்கள் ஒவ்வொரு வருடமும் சப்பென்றிருக்கும் மீனைத் தின்றபடி அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஆராய்ச்சிக்காரி. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சோதித்தேன். இன்னொரு பொட்டலத்தை ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களில் பாதிப் பாதியாக ஊற்றினேன். ஒன்று படத்துக்கு முன்னால். மற்றது பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். சற்று நேரம் கழித்து நான் வெளியே போய் நின்றுகொண்டேன்; எது எது என்று எனக்குத் தெரியாதபடி இடம் மாற்றி வைக்கச் சொன்னேன்.

"கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி இருக்கே," என்று உள்ளிருந்து சிரித்தார். "ம், வாங்க."

முதல் கிண்ணம் கசந்தது. இரண்டாவது கிண்ணத்தில் அதே பழுப்பு நிறம், அதே சூடு. வாயில் வைத்தபோது மழைத் தண்ணீர் போல இருந்தது. மழைத் தண்ணீருக்குக்கூட ஒரு ருசி உண்டு. மறுபடி மாற்றி வைக்கச் சொன்னேன். மறுபடி அதுவே.

"எது அவரோடது?" என்றேன்.

அவர் காட்டினார். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிட்டது. முற்றத்துப் பனி நீலமாகிக்கொண்டிருந்தது. அப்போது முட்டைக்கோஸ் கொட்டகைப் பக்கம் யாரோ இருமினார்கள். ஆழத்திலிருந்து வரும் ஈரமான இருமல். அந்த வரிசையில் வேறு யாரும் குடியிருக்கவில்லை.

"பயப்படாதீங்க," என்றார் மல்சுன் அம்மா. "அவரு மருந்து குடிக்க ஆரம்பிச்சப்போ ஓடைப் பாலத்துலதான் சத்தம் கேட்டுது. விடாம இருமிட்டே இருப்பாரு பாவம், என்னைத் தூங்க விடமாட்டாரு. அப்புறம் கரண்டுக் கம்பம். போன வாரத்துல இருந்து கொட்டகை. இருமலும் குறைஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? உங்க மருந்து நல்ல மருந்து."

"அம்மா…"

"ஆஸ்பத்திரியில செத்தாரு, டாக்டரம்மா. அங்கேயிருந்து வீட்டுக்கு வரணும்ல? மூச்சில்லாம இந்த மேட்டுல எப்படி ஏறுவாரு? இன்னும் கொஞ்ச நாள்ல வருசத் திதி. நான் சோறு வெச்சுக் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்க, அவரு கீழே பாலத்துல உக்காந்திருந்தா எனக்கு எப்படி இருக்கும்?" அவர் என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன. "அதுவரைக்கும் மருந்தை நிறுத்திடாதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கொட்டகையைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேராசிரியரிடம், மருந்து கெடவில்லை, அந்த அம்மாவின் நாக்குதான் மரத்திருக்கிறது என்று சொன்னேன்.

*

அடுத்த முறை அவர் பரிசோதனைக்கு வந்தபோது இருமல் சுத்தமாக இல்லை. ஆனால் மாடிப்படி ஏறி வந்ததும் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் கருவி காட்டிய அளவைப் பார்த்துவிட்டு ஓக்யங் அதைத் தன் விரலில் மாட்டிச் சரிபார்த்தாள். கருவியில் கோளாறு இல்லை.

எக்ஸ்ரே எடுத்தோம்.

ஆராய்ச்சியில் சேர்ந்தபோது எடுத்த படமும் புதுப் படமும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழைய படத்தில் வயதான, சுத்தமான நுரையீரல்கள். புதியதில் யாரோ கைப்பிடி அரிசியை எறிந்தது போல வெள்ளைப் புள்ளிகள், மேல்பகுதியில் திரண்டிருந்தன. இந்த ஊரில் வேலை பார்க்கிற எவருக்கும் அதைப் படிக்கத் தெரியும். பல வருடம் கரி வெட்டியவர்களின் படம் அது.

"பேர் மாறிப்போச்சா?" என்றாள் ஓக்யங் மெதுவாக. மாறவில்லை. கழுத்திலிருந்து எப்போதும் கழற்ற மறுக்கும் அவருடைய சின்னச் சங்கிலி இரண்டு படத்திலும் தெரிந்தது.

மிச்சம்தான் எனக்கு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கணவர் மருந்தைக் குடித்தார். அவர் விட்டதை இந்த அம்மா குடித்தார்.

"உங்களை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்தறோம்," என்றேன். "மீதிப் பொட்டலங்களைக் குடுத்துடுங்க. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

"நாளன்னிக்குத் திதி."

"அம்மா, இந்தப் படத்தைப் பாருங்க. அவருக்கு நல்லாயிட்டு வருது, சரி. அது உங்ககிட்ட வருது. புரியுதா?"

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. ரயில் நிலையத்தில் ஒருவரின் பாரத்தை வாங்கிக்கொண்டவரின் முகம் போலிருந்தது.

"அவரு நெஞ்சுல இருந்ததுதானா இது? இவ்வளவு நாளும் இதையா தூக்கிட்டு ஏறினாரு?"

"அப்படின்னா படைச்சுட்டுக் கீழே ஊத்திடுங்க," என்றாள் ஓக்யங். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அவரு வாய் வெச்சதைச் சாக்கடையிலயா?" மல்சுன் அம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "வாழ்ந்த காலம் பூரா அவரு மிச்சம் வெச்ச சூப்பைத்தான் குடிச்சேன். ஊத்தறதாம்! நல்லா வளர்த்தாங்க உங்கம்மா."

பையிலிருந்த பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஓக்யங் அவற்றை எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு குறையுது, டாக்டர்," என்றாள்.

*

திதியன்று மத்தியானத்திலிருந்தே பனி கொட்டியது. ஆன்சான் நகரிலிருந்து வர வேண்டிய அவருடைய மகன், சாலை மூடியிருப்பதாகப் போன் செய்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வருவதற்காகத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை.

சோறு, மீன், பேரிக்காய், இலந்தை, அரிசி மது எல்லாம் ஒழுங்காகப் படைத்திருந்தது. மதுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பழுப்புக் கஷாயம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் தாமதித்துவிட்டேன்.

"வாங்க, டாக்டரம்மா. ஆம்பளை ஆளும் இல்ல, பிள்ளையும் இல்ல. நீங்களாவது கூட நில்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல வார்த்தைகளுக்கிடையில் மூச்சு அறுந்தது. தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. பனி உள்ளே வந்து தரையில் கரைந்தது. அவர் குனிந்து வணங்கினார். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு இருவரும் கேட்டோம். கீழே பாலத்தில் பனி நெரிபடும் காலடி. ஒரே சீராக வந்தது. கம்பத்தில் நிற்கவில்லை. கொட்டகையில் நிற்கவில்லை. வேலை முடிந்து பசியோடு வீட்டுக்கு வரும் இளைஞனின் நடை.

மல்சுன் அம்மா என் கையை இறுக்கினார். "நிக்கவே இல்ல, பாத்தீங்களா," என்றார்.

சோற்றில் கரண்டியைக் குத்தி வைத்தார். இறந்தவர் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்பதால் நாங்கள் இருவரும் சமையலறைக்குள் போய் அறைக்கதவை மூடிக்கொண்டோம். காகிதம் ஒட்டிய அந்தக் கதவில் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஒருமுறை மறைந்து, திரும்ப வந்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. மறுபடி உள்ளே போகும் முன், வருகிறோம் என்று தெரிவிக்கத் தொண்டையைச் செருமுவது முறை. மல்சுன் அம்மா செருமப் பார்த்தார். மூச்சு போதவில்லை, காற்றுதான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து செருமல் கேட்டது. சளி இல்லாத, சுத்தமான, கொஞ்சம் பொறுமையிழந்த செருமல். இன்னும் என்ன வெளியே நின்றுகொண்டு, என்று கேட்பது போல.

அவர் முகம் மலர்ந்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

கதவைத் திறந்தோம். யாரும் இல்லை. படையலுக்கு முன்னால் போட்டிருந்த மெத்தையில் மட்டும் அழுந்திய பள்ளம். கிண்ணங்கள் வைத்தபடியே நிறைந்திருந்தன. மல்சுன் அம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கஷாயக் கிண்ணத்துக்கு நீட்டினார். அவரது உதடுகள் ஊதா நிறமாக இருந்தன. இன்னொரு கிண்ணத்தை அந்த நெஞ்சு தாங்காது என்பது எனக்கு எந்த எக்ஸ்ரேயும் இல்லாமலே தெரிந்தது. கீழே ஊற்ற விடமாட்டார் என்பதும் தெரிந்தது.

"அம்மா," என்றேன். "பனியில நடந்து வந்திருக்கேன். விருந்தாளியைப் பார்க்க வெச்சுட்டு நீங்க மட்டும் குடிப்பீங்களா?"

அவர் கை நின்றது. இந்த ஊரில் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. நான் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன்.

எந்த ருசியும் இல்லை.

"ஐயோ, பொண்ணே," என்றார் அவர். முதல் தடவையாக என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. பிறகு எனக்குச் சோறு போட்டார். மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். இனி வரலாமாம், வேலை முடிந்துவிட்டதாம். பேசும்போது அவருக்கு மூச்சு வாங்குவது குறைந்திருந்தது போல எனக்குத் தோன்றியது. ஆராய்ச்சியில், தோன்றுவதற்கு மதிப்பில்லை.

விடைபெற்று இறங்கினேன். பனி நின்றிருந்தது. சரிவில் இறங்கும் என் காலடிகள் மட்டும் கிடந்தன. ஏறி வந்தவரின் தடம் எங்கும் இல்லை. மேலிருந்து மல்சுன் அம்மா, பார்த்துப் போ, வழுக்கும் என்று கத்தினார். திரும்பிப் பதில் சொல்ல நினைத்தேன்.

கையை மட்டும் ஆட்டினேன். பிறகு கொட்டகையில் சற்று உட்கார்ந்தேன். அப்புறம் கரண்டுக் கம்பத்தில்.